மூன்றே பொத்தான்களில் ஒரு கல்யாணம்

நான் ஒரு கல்யாணத்தில், பெண்ணின் சொந்த அத்தைக்கும் முன்னதாக மேடையேறி மணமக்களை ஆசீர்வதித்திருக்கிறேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டாருக்கு நான் என்ன உறவு என்று கேட்டால், அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவன், அவ்வளவுதான். இந்தக் கௌரவத்தை மனிதர் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானே எழுதிய ஒரு மென்பொருள் கொடுத்தது.

ஒஸ்லோவில் பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் யார் எப்போது வர வேண்டும் என்று பதிந்துகொள்ளும் சமாச்சாரம். அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது: எதையும் எளிமையாக்குகிறவன். எந்தத் திரையைக் கொடுத்தாலும் பாதியை வெட்டி எறிவேன். செட்டிங்ஸ், அதாவது அமைப்புகள், என்று ஒரு பக்கம் இருந்தது. அதில் முப்பது தேர்வுகள் இருந்தன. ஒரே வாரத்தில் அந்தப் பக்கத்தையே தூக்கி, மூன்று பொத்தான்களை மட்டும் மிச்சம் வைத்தேன். கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். (சத்தியமாக. கேக்கின் மேல் மூன்று பொத்தான்கள் வரைந்திருந்தார்கள்.)

எங்கள் அலுவலகத்தில் 'பயனர்' என்று ஒரு பிராணி உண்டு. அதை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி எல்லாம் தெரியும். அதற்கு வாசிக்கப் பிடிக்காது. இரண்டு வழியைக் காட்டினால் மிரண்டுவிடும். அழி என்று ஒரு பொத்தானைக் கண்டால் உடனே அழித்துவிட்டு அழும். ஆகவே அதன் கைக்கு எதுவும் எட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் கடமை என்று நினைத்தோம். வடக்கே எங்கோ ஒரு ஊரிலிருந்து ஒரு வரவேற்பாளர் அம்மையார் எழுதியிருந்தார்: "பயந்து அழும் குழந்தைகளின் பெயரை முன்பு வேறு நிறத்தில் போட்டு வைப்பேன், அந்த வசதியைத் திருப்பித் தர முடியுமா?" அவருக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. 'உங்கள் நன்மைக்காகவே நீக்கினோம்' என்று எழுதினேன்.

இப்படிப்பட்ட மகானுபாவன் ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் சிவநேசன் அண்ணை வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தான். அண்ணையும் அவர் மனைவி மாலா அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் கரூர்க்காரன். எனக்கு இட்லி ஆறிப்போகாமல் மேலிருந்து வந்துவிடும். பதிலுக்கு அவர்கள் வீட்டு வைஃபை மக்கர் செய்தால் நான் மேலே போவேன். அந்த ஏற்பாட்டோடு நின்றிருந்தால் எல்லோரும் நன்றாக இருந்திருப்போம்.

அவர்கள் மூத்த மகள் துளசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு சனிக்கிழமை மேலே போனபோது மாலா அக்கா சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தீவிரமாக இருந்தார். எட்டிப் பார்த்தேன். எக்செல். நூற்றிருபது குடும்பங்களின் பெயர். அதில் நிறங்கள் என்றால் சாதாரண நிறங்கள் இல்லை, ஹோலி கொண்டாடிய வேட்டி மாதிரி இருந்தது.

"என்னக்கா இது?"

"இது மேடைக்குக் கூப்பிடுற ஒழுங்கு தம்பி. அறுகரிசி போட. மஞ்சள் எண்டால் முதல் கூப்பிட வேண்டிய ஆக்கள். நீலம் எண்டால் தூர இடத்தால வந்தவை, வெள்ளனப் போகோணும். சிவப்பு ரெண்டு பேரை அடுத்தடுத்துக் கூப்பிடக் கூடாது."

"ஏன்?"

"அது உங்களுக்கு விளங்காது. விளங்காமல் இருக்கிறதுதான் நல்லது."

அறுகரிசி என்பது அறுகம்புல்லும் அரிசியும் சேர்ந்தது. தாலி கட்டியதும் பெரியவர்கள் தம்பதியராக மேடைக்கு வந்து அதை மணமக்கள் மேல் போட்டு ஆசீர்வதிப்பார்கள். பெற்றோர்கள் போட்டு முடித்ததும் அறிவிப்பாளர் ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்கள் ஊரில் இந்தப் பேச்சே கிடையாது. வரவேற்பு மேடைக்கு முன்னால் வரிசை நிற்கும். முண்டியடித்து முன்னால் போனவனுக்கு முதல் படம், பின்தங்கியவனுக்குப் பாயசம் தீர்ந்த பந்தி. அதனால் வரிசை எண் என்பது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

மஞ்சள் நிறத்தில் முதல் பெயர் வேதநாயகி. சிவநேசன் அண்ணையின் அக்கா. (துளசிக்கு இவர் பெரிய மாமி. நாம் அத்தை என்பதை அவர்கள் மாமி என்பார்கள். இந்தக் குழப்பம் எனக்குத் தீர ஒரு குளிர்காலம் ஆனது.) நார்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட்டில், மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே தம்பியை இந்த நாட்டுக்கு அழைத்து ஆளாக்கியவர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இந்த வீட்டு விசேஷம் ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்ட பிறகு தன்னைக் கூப்பிட்டார்கள் என்பதற்காகச் சாப்பிடாமல் விமானம் ஏறியவர். அதன் பிறகு எல்லிங்ஸ்ருட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தம்பியோடு தொலைபேசியில்கூடப் பேச்சில்லை. இப்போது அண்ணை நேரில் போய், முதல் அழைப்பிதழை அவர் கையில் கொடுத்து, "பெத்த ஆக்களுக்கு அடுத்ததா நீதான் அக்கா" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டி வருகிறார். அக்காவைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு இது ஒன்றுதான் சந்தர்ப்பம். இவ்வளவையும் மாலா அக்கா என்னிடம் சொன்னார். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னது:

"அக்கா, எதுக்கு இந்தக் கலர் பெயின்டிங்? நான் உங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதித் தர்றேன். மூணே பட்டன். மண்டபத்துப் பெரிய திரையில பேரும் போட்டோவும் வரும், கூடவே நாதஸ்வரம் வரும். அசந்துடுவாங்க."

நாலு நாளில் எழுதிவிட்டேன். 'சேர்', 'தொடங்கு', 'அடுத்தவர்'. அவ்வளவுதான். தன் படைப்பைப் பார்த்துப் பிரம்மாகூட அப்படிப் பூரித்திருக்க மாட்டார். அழிக்கும் வசதி இல்லை, ஏனென்றால் அக்கா தவறுதலாக அழித்துவிடுவார். மூடும் வசதி இல்லை, தவறுதலாக மூடிவிடுவார். நாதஸ்வரத்தை நிறுத்தும் வசதி இல்லை, யாராவது நாதஸ்வரத்தை நிறுத்த நினைப்பார்களா? எல்லாப் பெயருக்குப் பின்னாலும் 'குடும்பத்தினரோடு' என்று தானாக வரும். தனி ஆளா குடும்பமா என்று கேட்டு அவரை ஏன் குழப்ப வேண்டும்? பெயர்களுக்கு அகரவரிசை. அதில்தான் சண்டையே வராது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

செய்து காட்டினேன். மாலா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மஞ்சள் எங்கை தம்பி?"

"கலரெல்லாம் தேவையில்லக்கா. கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"முன்னுக்குப் பின்னுக்கு மாத்தேலாதோ?"

"மாத்தவே வேண்டாம். அதுதான் இதோட அழகே. உங்களுக்கு ஒரு டென்ஷனும் கிடையாது."

"ஓம்" என்றார் அக்கா.

அவர்கள் ஓம் என்றால் 'நீ சொல்வது காதில் விழுகிறது' என்று பொருள். சம்மதித்துவிட்டேன் என்று பொருளில்லை. மூன்று வருடம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டும் இது எனக்குத் தெரியவில்லை. தவிர, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றால் மஞ்சள் யார் என்று அதற்குத் தெரியும் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். பாவம், படித்த பையன் சொல்கிறான் என்று நம்பினார். அச்சடித்து ஒரு தாள் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டதற்கும், "எதுக்குக்கா பேப்பர்?" என்று சிரித்துவிட்டேன்.

இன்னொன்றையும் அவர் பார்த்திருக்கிறார். சோதனைக்காக நான் போட்டு வைத்த என் சொந்தப் பெயர். எங்கள் ஊர் வழக்கப்படி தலைப்பெழுத்தோடு 'அ. அருண்மொழி'. அதை எடுக்க மறந்துவிட்டேன். அவர் எடுக்க நினைத்திருந்தாலும் முடியாது, அழிக்கும் பொத்தான்தான் இல்லையே. இதைப் பற்றிப் பிறகு கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது. "பிள்ளை ஆசைப்பட்டுத் தன்ர பேரையும் போட்டிருக்குது எண்டு விட்டிட்டன் தம்பி. தனிய இருக்கிற பிள்ளை."

கல்யாண நாள். அம்மருட் பக்கம் ஒரு மண்டபம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன் மேல் என் மடிக்கணினி, அதன் முன்னால் பட்டு ஜிப்பாவில் நான். என் பக்கத்தில் அறிவிப்பாளர் குகன் அண்ணை. வார நாட்களில் பஸ் ஓட்டுவார், வார இறுதியில் ஒலிவாங்கி பிடிப்பார். திரையில் என்ன வருகிறதோ அதை அப்படியே கணீரென்று வாசிப்பவர். முன்வரிசையில் நடு நாற்காலியில் வேதநாயகி மாமி. ஊதாப் பட்டு, நிமிர்ந்த முதுகு, மடியில் கைப்பை. பன்னிரண்டு வருடக் கோபத்தை ஹம்மர்பெஸ்ட்டிலேயே வைத்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை. கைப்பையில் கொண்டுவந்திருந்தார் போலத்தான் இருந்தது. மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில் நின்ற சிவநேசன் அண்ணை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவீட்டுப் பெற்றோரும் அறுகரிசி போட்டு முடித்தார்கள். மாமி கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். சேலையைச் சரிசெய்தார். பாதி எழுந்தும்விட்டார்.

நான் 'தொடங்கு' பொத்தானை அழுத்தினேன்.

நாதஸ்வரம் பிளந்துகட்டியது. பன்னிரண்டடித் திரையில் சொங்ஸ்வான் ஏரிக்கரையில் அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்றேன் நான்.

குகன் அண்ணை கடமை தவறாதவர். "அடுத்ததாக, மணமக்களை ஆசீர்வதிக்க மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்... அ. அருண்மொழி, குடும்பத்தினரோடு!"

நானூறு பேர் இருந்த மண்டபம். எல்லோரும் கழுத்தைத் திருப்பி அந்தக் குடும்பத்தைத் தேடினார்கள். பின்னாலிருந்து யாரோ, "ஆரடாப்பா இவர்?" என்றார்கள். மாமி அந்தப் பாதி எழுந்த நிலையிலேயே சற்று நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து கைப்பையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். மேடையிலிருந்து அண்ணையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மாலா அக்கா மேடையிலிருந்து கண்ணாலேயே சொன்னார்: வந்து துலை, கெதியா. நான் ஓடினேன். அறுகரிசியைக் கால், தோள், தலை என்று முறையாகப் போட வேண்டுமாம். எனக்குக் கிரிக்கெட் பந்து எறியத்தான் தெரியும். மாப்பிள்ளையின் இடது கண் அதன் பிறகு எல்லாப் படத்திலும் மூடியே இருக்கிறது. அவருடைய ஆல்பத்தில் அந்தக் கண்ணைத் திறந்த நிலையில் பார்க்க வேண்டுமென்றால் காலையில் அவர் மண்டபத்தில் வந்து இறங்கிய படம் வரை பின்னால் புரட்ட வேண்டும்.

மேசைக்குத் திரும்பி ஓடினேன். சரி, மாமிக்குத் தாவிவிடலாம். எப்படித் தாவுவது? தேடும் வசதி கிடையாது. பட்டியலைக் காட்டும் வசதி கிடையாது. மூடும் வசதியும் கிடையாது, மூட முடிந்தாலும் எக்செல் அக்காவின் கணினியில் எல்லிங்ஸ்ருட் சமையலறையில் இருக்கிறது. 'வ' வரிசையில் வேதநாயகி நூற்றுப் பதினெட்டாவது ஆள். என் கையில் இருப்பது ஒரே ஒரு பொத்தான்: அடுத்தவர். தொழில்நுட்பம் தெரியாத பயனர் ஒருவர் மாட்டிக்கொண்டு விழிப்பதை வாழ்நாளில் முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தேன். ஜிப்பா போட்டிருந்தார்.

வேகமாக அழுத்திக்கொண்டே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். (இந்த இடத்தில் என் மனைவி எப்போதும் தலையில் கைவைத்துக்கொள்வாள்.) ஒவ்வொரு அழுத்தலுக்கும் நாதஸ்வரம் முதலிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு குடும்பத்தின் முகம் திரையில் வந்து, 'மேடைக்கு வாருங்கள்' என்றது. தன் முகத்தைத் திரையில் பார்த்த குடும்பமெல்லாம் எழுந்து வந்தது. குகன் அண்ணை மூச்சு விடாமல் வாசித்தார். அகிலன் குடும்பத்தினரோடு, அமுதா குடும்பத்தினரோடு, ஆனந்தன் குடும்பத்தினரோடு. 'க' வரிசை வருவதற்குள் முப்பது குடும்பங்கள் மேடைப் படியில் நின்றன. அதில் சிவப்பு நிறக்காரர்கள் இருவர் ஒரே அறுகரிசித் தட்டில் கைவைத்துவிட்டு, பாம்பைத் தொட்டது போல் இழுத்துக்கொண்டார்கள். மேடையே மார்க்கெட் மாதிரி ஆனது.

"தம்பி, நிப்பாட்டும்" என்றார் குகன் அண்ணை, ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு.

"நிறுத்த முடியாதுண்ணே."

"ஏன்?"

"பட்டன் வைக்கல."

வேதநாயகி மாமி எழுந்தார். வாசல் பக்கம் நடந்தார். கோட்டுகள் மாட்டும் இடத்துக்குப் போய்த் தன் கறுப்பு நீளக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மேடையிலிருந்து அண்ணை, "அக்கா!" என்று கூப்பிட்டார். அந்தக் குரல் உடைந்திருந்தது. நாதஸ்வர இரைச்சலில் அது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. போச்சு, பன்னிரண்டு வருடம் இனி இருபத்துநாலு ஆகும், காரணம் நான் என்று எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

மாமி வாசலை நோக்கி இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி மேடைப் பக்கம் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு கோட்டோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஆர் இதைச் செய்தது?"

"நான்தாங்க."

"நீரோ ஐஸ்கிரீம்?"

"ஆமாங்க."

மேசைக்குப் பின்னால் போய், திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிற வயர்களைப் பார்த்தார். எல்லாம் ஒரே மின்பலகையில் செருகியிருந்தன. குனிந்து அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை இருண்டது. நாதஸ்வரம் பாதியில் செத்தது. மண்டபத்துக்கு உயிர் வந்தது.

குகன் அண்ணையின் கையிலிருந்த ஒலிவாங்கி மண்டபத்தின் சொந்த ஒலிபெருக்கியோடு சேர்ந்தது, அது வேலை செய்தது. மாமி அதை வாங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் போய்த் தங்கட தங்கட கதிரையில இருங்கோ."

உட்கார்ந்தார்கள்.

"பெத்த ஆக்களுக்கு அடுத்ததாக, பொம்பிளையின்ர பெரிய மாமி, ஹம்மர்பெஸ்ட் வேதநாயகி."

தன் பெயரைத் தானே அறிவித்துவிட்டு, ஒலிவாங்கியை என் கையில் திணித்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே மேடையேறினார். கால், தோள், தலை. முறையாகப் போட்டார். துளசியை முத்தமிட்டார். தம்பியின் முன்னால் வந்ததும் அண்ணை, "பிழை என்ரதான் அக்கா" என்று சொல்லத் தொடங்கினார். "உன்ர பிழை இல்லையடா. அந்த ஐஸ்கிரீமின்ர" என்று மாமி சொன்னது ஒலிவாங்கியில்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. அண்ணை சிரித்துக்கொண்டே அழுதார். மாமி அவர் தலையில் மிச்சமிருந்த அறுகரிசியையும் போட்டார்.

பிறகு இறங்கிவந்து மிச்சப் பெயர்களை அவரே கூப்பிட்டார். தாள் இல்லை, திரை இல்லை, மூன்று பொத்தான் இல்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில், சிவப்புக்காரர்களுக்கு நடுவில் இருபது குடும்ப இடைவெளி, தனி ஆளுக்குத் தனி ஆள் என்றே அழைப்பு. பன்னிரண்டு வருடம் வராதவருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். மாலா அக்கா அலட்சியமாகச் சொன்னார்: "கோவமா இருக்கிற ஆக்கள்தான் தம்பி எல்லாத்தையும் விசாரிச்சு வச்சிருப்பினம்."

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக வடக்கு ஊர் அம்மையாருக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, நிறம் போடும் வசதியைத் திரும்ப வைத்தேன். அமைப்புகள் பக்கமும் திரும்பி வந்தது. முப்பதும் முதலிலேயே கண்ணில் படாது, தேடிப்போகிறவருக்கு இருக்கும். கூடவே அழிக்க ஒரு பொத்தான், அழித்ததை மீட்க ஒரு பொத்தான். இந்தச் சின்ன விஷயம் என் மரமண்டைக்கு ஏற ஒரு கல்யாணம் நாறவேண்டியிருந்தது. இதற்கு யாரும் கேக் வெட்டவில்லை.

மேல்மாடியில் இன்றைக்கும் நான் சாப்பிடப் போனால் சோறு போடுவதற்கு முன் சிவநேசன் அண்ணை அகப்பையை வாயருகே பிடித்துக்கொண்டு, "அ. அருண்மொழி, குடும்பத்தினரோடு!" என்பார். துளசியின் கணவர் உடனே இடது கண்ணை மூடிக்கொள்வார். எனக்குக் கல்யாணம் ஆனபோது ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து மாமி தொலைபேசியில் வாழ்த்தினார். "நல்லது தம்பி. உம்மட புரோகிராமில ஒரு வரியாவது இப்ப உண்மையாயிட்டுது."

போன மாதம் அவர்கள் இளைய மகளுக்குக் கல்யாண வேலை தொடங்கியது. மாலா அக்காவின் எக்செல் மறுபடி மேசைக்கு வந்தது. தூரத்தில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். மஞ்சளில் முதல் பெயர் வேதநாயகி. நாற்பத்தொன்றாவது வரியில் என் மனைவி பெயர், நல்ல பச்சை. அதற்குக் கீழே என் பெயர், சாம்பல் நிறம். பட்டியல் முழுக்கத் தேடினேன், வேறு யாருக்கும் சாம்பல் இல்லை.

"சாம்பல்னா என்னக்கா?"

"மேசைக்குக் கிட்ட விடக்கூடாத ஆக்கள்" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓம்" என்றேன்.